சாணைக்கல்லைத் தொடுமுன்

கடந்த மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ஒரு சரக்குக் கப்பலிலிருந்து மூன்று எக்ஸோஸ்ட் வால்வுகள் படகில் இறங்கி, சுங்கப் பத்திரங்களுக்குரிய அலைச்சல்கள் எல்லாம் முடிந்து, முகத்துவாரத்தில் இருக்கும் எங்கள் வேலைத்தளத்துக்கு வந்து சேர்ந்தன. கூடவே வந்த கடிதத்தில் இருந்தது ஒரே ஒரு வரிதான்: மூன்றையும் சாணை பிடித்து, புதிய ரிங்குகள் போட்டு, நான்கு நாட்களுக்குள் திருப்பி அனுப்பவும். இரண்டைச் சாணை பிடித்தோம். மூன்றாவதைக் கழுவி, அளந்து, ரிங்குகளை மாற்றி, சாணைக்கல் அதன்மேல் படாமலே பெட்டியில் அடுக்கினோம். காசு கொடுத்த வேலையை ஏன் செய்யவில்லை என்று கப்பல் தரப்பிலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். அன்று லொறி வாசலில் நின்றதால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். ஆறுதலாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

காரின் வால்வை மட்டும் பார்த்தவர்களுக்காகச் சில வரிகள். பெரிய கப்பல்களைத் தள்ளுகிற மெதுவேக டீசல் எஞ்சின் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எரிவது. நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சுற்று சுற்றும். புதிய காற்று சிலிண்டரின் அடிப்பகுதியில் உள்ள துவாரங்கள் வழியாக நுழைந்து மேல்நோக்கி ஏற, எரிந்த புகை சிலிண்டர் கவரின் நடுவில் இருக்கும் ஒரேயொரு எக்ஸோஸ்ட் வால்வு வழியாக வெளியேறும். காரில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு, நான்கு என்று வால்வுகள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, இங்கே ஒன்றுதான். அதன் தண்டையும் தட்டையும் சேர்த்து ஸ்பிண்டில் என்போம். 600 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிண்டருக்கான ஸ்பிண்டிலின் தட்டு வீட்டுத் தோசைக்கல் அளவு இருக்கும். ஆனால் இருவர் சேர்ந்து தூக்க முயன்றாலும் இடுப்புத்தான் பிடித்துக்கொள்ளும், செயின் புளொக் வேண்டும். அந்தத் தட்டு வந்து அமரும் வளையத்துக்குப் பொட்டம் பீஸ் என்று பெயர், இரண்டும் தொட்டுக்கொள்ளும் சாய்ந்த முகங்களுக்குச் சீட் என்று பெயர். இவை இரண்டையும் தாங்கி, புகையை வளைத்துக் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் கூடுதான் ஹவுசிங்.

இத்தகைய வால்வே இல்லாத பெரிய எஞ்சின்களும் ஒரு காலத்தில் கடலில் நிறைய ஓடின. சுல்சர் நிறுவனத்தின் பழைய எஞ்சின்களில் காற்றும் புகையும் சிலிண்டர்ச் சுவரின் துவாரங்கள் வழியாகவே வந்து போயின. பிஸ்டனின் வீச்சு நீள நீள அந்த முறை ஈடுகொடுக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஆர்டிஏ வரிசையோடு சுல்சரும் வால்வுக்கு மாறியது. வால்வில்லாத எஞ்சினில் வேலை பழகிய மூத்த பொறியியலாளர்கள் இதை இன்னும் ஒரு மனத்தாங்கலோடுதான் சொல்வார்கள். அவர்களைக் குறைகூற முடியாது, ஏனெனில் இருக்காத வால்வு எரியாது.

இருக்கிற வால்வு படும் பாட்டைக் கணக்குப் பார்த்தால் தெரியும். நிமிடத்துக்கு நூறு முறை திறந்து மூடும் ஒரு வால்வு, 8,000 மணி நேரம் ஓடினால் 4 கோடியே 80 இலட்சம் முறை தன் சீட்டில் வந்து அமர்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் எரிதலின் அழுத்தம் 150 பார் அளவில் தட்டைக் கீழிருந்து மேலே அழுத்த, அடுத்த கணத்தில் அது திறந்து, அத்தனை சூட்டையும் தன் கழுத்தைச் சுற்றிப் போகவிடும். ஸ்பிண்டில்கள் பலவற்றை நிக்கலும் குரோமியமும் கலந்த நிமோனிக் என்ற உலோகத்தில் செய்வதும், வேறு சிலவற்றின் சீட்டில் ஸ்டெலைட் என்ற கடினமான கலப்புலோகத்தைப் படிய வைப்பதும், பொட்டம் பீஸின் உட்புறத்தில் தண்ணீர் சுற்றிவர வழி விடுவதும் இதற்காகத்தான்.

ஆனால் வால்வை எரிப்பது சூடு மட்டுமன்று. கப்பல்கள் எரிக்கும் கன எண்ணெயில் வனேடியம் இருக்கிறது. அது கச்சா எண்ணெயோடு பூமிக்கடியிலிருந்தே வருவது, கப்பலில் எண்ணெயைச் சுத்தம் செய்யும் எந்தப் பியூரிஃபயராலும் அதைப் பிரிக்க முடியாது. சோடியம் அப்படியன்று. அதில் பெரும்பங்கு கடல் நீரோடு எண்ணெய்க்குள் புகுந்தது. இரண்டும் சிலிண்டருக்குள் எரிந்து கூடும்போது உருவாகும் சாம்பல், இரண்டின் விகிதம் பொருந்திவிட்டால், 535 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகத் தொடங்கும். உருகிய சாம்பல் சீட்டில் ஒட்டிக்கொண்டால் உலோகத்தின் பாதுகாப்புப் படலத்தைக் கரைத்து உள்ளே இறங்கும். எரிநெய்த் தரத்துக்கான ஐஎஸ்ஓ 8217 என்ற சர்வதேச நியமம், ஆர்எம்ஜி 380 என்ற வகைக் கன எண்ணெயில் ஒரு கிலோகிராமுக்கு 350 மில்லிகிராம் வரை வனேடியத்தையும் 100 மில்லிகிராம் வரை சோடியத்தையும் அனுமதிக்கிறது. இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்: கடல் நீரின் நிறையில் சோடியம் சுமார் நூற்றில் ஒரு பங்கு. ஆகவே எண்ணெயில் ஒரே ஒரு வீதம் கடல் நீர் கலந்துவிட்டாலே அந்த 100 மில்லிகிராம் நிறைந்துவிடும். தாங்கியின் அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட மறந்த ஒரு காவல்வேளையின் அலட்சியம், சில வாரங்கள் கழித்து நான்கு மாடி உயரத்தில் இருக்கும் வால்வின் முகத்தில் அம்மைத் தழும்பாக எழுந்து நிற்பது இப்படித்தான்.

2020 ஜனவரி முதலாம் திகதி முதல் கப்பல் எண்ணெயின் கந்தகம் 3.5 வீதத்திலிருந்து 0.5 வீதமாகக் குறைக்கப்பட்டபோது, புதிய எண்ணெய்கள் பலவற்றில் வனேடியமும் சேர்ந்து குறைந்தது. எங்களிடம் வரும் வால்வுகளிலும் அந்த மாற்றம் தெரிகிறது என்பது என் கண்ணளவு மதிப்பீடு. புகை கழுவும் கருவி பொருத்திய கப்பல்கள் மட்டும் இன்னும் பழைய எண்ணெயையே எரிக்கின்றன; அவற்றின் வால்வுகளும் பழைய கதையையே சொல்கின்றன.

கடந்த மாதம் வந்த மூன்றில் முதலாவது, அந்தப் பழைய கதைதான். சோடாக் கரைசலில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் கரியை எடுத்ததும், சீட்டின் வட்டம் முழுவதும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. ஒரே ஓர் இடத்தில், மணிக்கூட்டில் நான்கு மணி இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளிருந்து வெளியே ஒரு கோடு ஓடியது. முதலில் தலைமுடி என்றுதான் நினைப்போம். நகத்தால் இழுத்துப் பார்த்தால் நகம் விழும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், அது வயலில் மடை உடைத்துத் தண்ணீர் அறுத்த வாய்க்கால் போல, உள்விளிம்பில் ஒடுங்கியும் வெளிவிளிம்பில் விரிந்தும் இருக்கும். கரை இரண்டும் உருகி வழவழத்திருக்கும். புகை கசிந்த இடம் அது. எரிதலின்போது உருவாகும் கடினமான சாம்பல் துணுக்கு ஒன்று தட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்கிக் குழி விழுந்திருக்கும்; அந்தக் குழி இரு விளிம்பையும் தொடும் அளவு நீண்டிருந்தால் வாயு அதனூடாகச் சீறும்; சீறிய இடம் சூடேறும்; சூடேறிய இடத்தில் சாம்பல் உருகி அரிக்கும்; அரித்த இடத்தில் இன்னும் அதிக வாயு சீறும். கண்டுபிடிக்காமல் விட்டால் சில நாட்களில் தட்டின் விளிம்பில் ஒரு துண்டே போய்விடும். இந்த முதலாவது வால்வைச் சாணை பிடித்தே ஆக வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை.

இங்கே என் சொந்தக் குற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். என் தகப்பனார் பஞ்சிகாவத்தையில் லொறி எஞ்சின் திருத்துபவராக இருந்தார். பள்ளி விடுமுறைகளில் அவரோடு போவேன். வால்வின் தலையில் இறப்பர்க் கிண்ணம் பொருத்திய குச்சியை ஒட்டி, சீட்டில் அரைபசையைப் பூசி, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் மத்துக் கடைவதைப் போல உருட்டுவதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. "கரகரப்பு அடங்கும் மட்டும் உருட்டு தம்பி, சத்தம் மாறினால் கையை எடு" என்பார். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. லொறிக்கு அது சரியான வேலை.

பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு சரக்குக் கப்பலில் தேர்ட் எஞ்சினியராக இருந்தபோது, துறைமுகத்தில் நின்ற குறுகிய நேரத்துக்குள் நான்காம் சிலிண்டரின் வால்வை மாற்ற வேண்டி வந்தது. மாற்று வால்வின் சீட்டில் சில குழிகள் இருந்தன. கப்பலிலிருந்த சாணை இயந்திரத்தின் மோட்டார் எரிந்திருந்தது. மாலையில் கப்பல் புறப்பட வேண்டும். அரைபசை போட்டுத் தேய்த்து விடு என்று மேலதிகாரி சொன்னார். அப்படிச் செய்யக்கூடாது என்று கைந்நூலில் படித்திருந்தும், அப்பாவின் குச்சியை நினைத்துக்கொண்டு நான் சம்மதித்தேன். ஸ்பிண்டிலைச் செயின் புளொக்கில் தொங்கவிட்டு, கம்பியொன்றைக் குறுக்கே கட்டி, இரண்டு மணி நேரம் இருவராகத் திருப்பித் திருப்பித் தேய்த்தோம். எங்கே தொடுகிறது என்று அறிய நீலச்சாயம் பூசிப் பார்த்தபோது வட்டம் ஓர் இடத்திலும் அறுபடாமல், சீட்டின் முழு அகலத்துக்கும் பதிந்திருந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

ஐந்தாவது வாரம் அரபிக் கடலின் நடுவில் அந்தச் சிலிண்டரின் புகை வெப்பநிலை மற்றவற்றை விட 30 பாகை ஏறி நின்றது. இரண்டு நாட்களில் அது 50 ஆனது. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் இண்டிகேட்டர் வரைபடம் எடுத்தால் அமுக்க அழுத்தமும் உச்ச அழுத்தமும் இறங்கியிருந்தன. டர்போசார்ஜர் அவ்வப்போது குரைக்கத் தொடங்கியதும் எஞ்சினை நிறுத்தி, அலையில் மிதந்தபடியே வால்வைக் கழற்றினோம். குளிர்நீரை வடித்து, வால்வை மூடும் ஸ்பிரிங் காற்றையும் அதைத் திறக்கும் எண்ணெயையும் அடைத்து, ஹைட்ரோலிக் ஜக்குகளை 900 பாருக்கு ஏற்றி நட்டுகளை இளக்கி, கிரேனில் தூக்குவதற்குள் பொழுது விடிந்துவிட்டது. நான் பெருமைப்பட்ட அந்த முழு வட்டத்தில் மூன்று வாய்க்கால்கள் ஓடியிருந்தன.

காரணம் பின்னர்தான் முழுதாக விளங்கியது. ஸ்பிண்டிலின் சீட்டும் பொட்டம் பீஸின் சீட்டும் 30 பாகையை ஒட்டிய சாய்வில் இருந்தாலும், இரண்டின் சாய்வும் ஒன்றன்று. மிகச் சிறிய வேறுபாடு ஒன்றை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். குளிர்ந்திருக்கும்போது இரண்டும் ஒரு விளிம்பில் மட்டுமே தொடும். எஞ்சின் சூடேறி, எரிதலின் அழுத்தம் தட்டை மேலே தள்ளும்போது, தட்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து முழு முகமும் பொருந்தும். ஆகவே மேசையின் மேல் குளிர்ந்த நிலையில் சீட்டின் முழு அகலத்துக்கும் பொருந்துகிற வால்வு, ஓடும்போது பொருந்தாத வால்வு. பசை போட்டு ஒன்றோடொன்று தேய்த்தால் அந்த வேறுபாடுதான் முதலில் அழியும். பசையின் மணிகள் உலோகத்தில் பதிந்து தங்குவது அதற்கு மேலான கேடு. லொறியின் சின்னத் தட்டுக்கு இவ்வளவு வளைவும் இல்லை, இவ்வளவு அழுத்தமும் இல்லை. அப்பாவின் பாடம் பிழையன்று, அதை நான் கொண்டுபோன இடம்தான் பிழை.

அதனால் எங்கள் வேலைத்தளத்தில் ஸ்பிண்டிலைத் தனியாகவும் பொட்டம் பீஸைத் தனியாகவும், அவற்றுக்குரிய சாய்வில் இயந்திரத்தை நிறுத்தித்தான் சாணை பிடிக்கிறோம். ஸ்பிண்டில் முதலில் நேராக இருக்கிறதா என்று கடிகார அளவி வைத்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். வளைந்த தண்டில் பிடிக்கும் சாணை, கோணல் சுவரில் அடிக்கும் வர்ணம்தான். பின்னர் கல்லை வைரமுனையால் சீர்படுத்தி, ஒரு தடவைக்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீற்றர் போல மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். குழி மறைந்ததும் நிறுத்த வேண்டும். உலோகம் நீலம் பாரித்தால் சூடு அதிகமாகிவிட்டது என்று பொருள். அவசரக்காரரின் கையெழுத்து அது. பொறுமை ஒருபுறம் இருக்க, மின்சாரமும் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, பாதி சாணை பிடித்த ஸ்பிண்டிலைத் துணியால் மூடிவிட்டு, ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லாமல், நங்கூரத்தில் நின்ற கப்பலுக்கு நாங்கள் சொன்ன சமாதானங்களை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. இயந்திரம் குளிர்ந்துவிட்டதால் சாய்வை மறுபடி முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும்.

சாணை பிடிப்பதற்கு எல்லை உண்டு என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் சீட்டிலிருந்து சிறிது உலோகம் போகிறது. ஸ்பிண்டில் ஹவுசிங்குக்குள் இன்னும் சற்று மேலே ஏறி அமர்கிறது. தட்டின் அடிப்பக்கமும் எரிந்து தேய்கிறது; யானைத் தோல் போலச் சுரசுரத்திருக்கும் அந்தப் பக்கத்தில் அச்சுத் தகட்டை வைத்து இடைவெளியை அளந்து, கைந்நூலில் உள்ள எல்லையோடு ஒப்பிட வேண்டும். எல்லை தாண்டிய ஸ்பிண்டிலை வெட்டி, உலோகம் ஏற்றி மீட்கலாம். ஆனால் அது வேறு நாட்டுக்குப் போய் வரும் வேலை, வேறு விலை. தேவையின்றிப் பிடிக்கும் ஒவ்வொரு சாணையும் வால்வின் ஆயுளிலிருந்து எடுக்கும் கடன்.

இரண்டாவது வால்வின் கதை வேறு. அதன் சீட்டில் வாய்க்கால் இல்லை, ஆனால் வட்டத்தின் ஒரு பாதி கறுத்தும் மறுபாதி வெளுத்தும் இருந்தது. அது சுழலவில்லை. ஸ்பிண்டிலின் தண்டில் காற்றாடி போன்ற இறகுகள் உண்டு. வெளியேறும் புகை அவற்றில் பட்டு, வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் அதைச் சிறிது திருப்பிவிடும். இதனால் சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும், சாம்பலும் ஓரிடத்தில் தங்காமல் துடைபடும். புகை மேலேறாமல் தண்டைச் சுற்றிப் போகும் அடைப்புக் காற்று குறைந்தாலோ, தண்டுக்கும் அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற குழலுக்கும் நடுவில் கரி இறுகினாலோ சுழற்சி நின்றுவிடும். இதை அறிய எஞ்சினை நிறுத்த வேண்டியதே இல்லை. வால்வின் தலைக்கு மேல் ஒரு சோதனைக் கம்பி இருக்கிறது, அதைப் பார்த்தாலே வால்வு திறப்பதும் சுழல்வதும் தெரிந்துவிடும். ஒரு காவல்வேளையில் ஒரு நிமிடம் போதும். அந்த இரண்டாவது வால்வுக்குச் சாணை பிடித்தோம். அதைவிட முக்கியமாக, அடைப்புக் காற்றின் குழாயையும் வடிகட்டியையும் பாருங்கள் என்று கடிதத்தில் சிவப்பு மையில் எழுதினோம். அதைச் செய்யாமல் வால்வை மட்டும் பூட்டினால் அதே பாதி மறுபடி கறுக்கும்.

ஹவுசிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே எதிரி சூடன்று, குளிர். தண்ணீர் குளிர்விக்கும் சுவரில் புகை பட்டு, கந்தகத்தால் உண்டாகும் சல்பூரிக் அமிலம் படிந்து வார்ப்பிரும்பைத் தின்னும். எரிநெய் மிச்சம் பிடிக்கக் கப்பல்கள் மெதுவாக ஓடத் தொடங்கிய பிறகு இந்த அரிப்பை அதிகம் காண்கிறேன். சுவரின் தடிப்பை அளந்து பார்க்காமல் மீண்டும் பூட்டக்கூடாது.

பூட்டிய பிறகு நடக்கும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். இந்த வால்வை மூடுவது சுருள் ஸ்பிரிங் அன்று, 7 பார் அளவிலான காற்று. அந்தக் காற்றைத் திறக்காமல் மசகு எண்ணெய்ப் பம்பைத் தொடக்கினால், வால்வைத் திறக்கும் எண்ணெய் மேலே நிறைந்து அதைக் கீழே தள்ளிவைக்கும். அப்படியே எஞ்சினைத் தொடங்கினால் வால்வு தன் அளவைத் தாண்டித் திறந்து அடிபடும். முதலில் காற்று, பிறகு எண்ணெய். நாங்களும் பெட்டியில் அடுக்குமுன், காற்று கொடுத்து வால்வை மூடி, குழாயை அடைத்துவிட்டு, அது எவ்வளவு நேரம் இறங்காமல் நிற்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கிறோம். சீக்கிரம் இறங்கினால் உள்ளே காற்றைக் கசியவிடாமல் அடைக்கும் ஒரு ரிங் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். மீண்டும் கழற்ற வேண்டியதுதான்.

இனி அந்த மூன்றாவது வால்வு. கழுவியபோது சீட்டில் பத்துப் பன்னிரண்டு சிறு குழிகள் தெரிந்தன. முதல் பார்வையில் பயமுறுத்தக்கூடியவைதான். ஒவ்வொன்றையும் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். எதுவும் இரண்டு விளிம்பையும் தொடவில்லை. எதன் கரையிலும் உருகிய வழவழப்பு இல்லை. வட்டம் முழுவதும் ஒரே மங்கலான நிறம். அது சுழன்றிருக்கிறது, கசியவில்லை. இத்தகைய குழிகளை அப்படியே விடலாம் என்று எஞ்சின் செய்தவர்களின் கைந்நூலே சொல்கிறது. கொழும்பு டொக்யார்ட்டில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு எங்களிடம் வந்திருக்கும் மூத்த பிட்டர் ஐயா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதைத் தொட்டால் எங்களுக்குக் காசு, அவைக்கு நட்டம்" என்றார். முடிவு செய்ய எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தொலைபேசியில் பேசியவர் கடைசியில் கேட்ட கேள்வி, அந்த மூன்றாவதுக்கும் பில்லில் ஏன் ஒரு தொகை இருக்கிறது என்பதுதான். கழுவியதற்கு, அளந்ததற்கு, ரிங்குகளுக்கு, காற்றுச் சோதனைக்கு என்று நான்கு வரிகளையும் வாசித்துக் காட்டினேன். அளவுகளை எழுதிய அட்டை பெட்டிக்குள் இருக்கிறது, அடுத்த தடவை திறக்கும்போது அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றேன். சாணைக்கான வரியில் கோடு மட்டும் கிழித்திருந்தோம்.